அளவுகல்லுக்குக் கீழே முப்பத்தொரு பேர்

1

பாலத்து வேலை முகாம், உத்தனப்பள்ளி
14-4-1954

மாப்பிள்ளை சின்னராஜுக்கு, உன் மாமன் நாராயணப்பன் எழுதுவது. நானும் உன் அக்காள் ராஜாத்தியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். வெயில் எங்களைவிட நன்றாக இருக்கிறது. அங்கே உன் உடம்பு, சாப்பாடு, தூக்கம் எப்படி? தூக்கத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். காரணம் கீழே.

நீ போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது. உன் வேலை இன்னதென்று உனக்கே விளங்கியிருக்குமா என்று உன் அக்காளுக்குச் சந்தேகம். அதனால் எழுதுகிறேன். இந்த ஆறு மைசூர் ராஜ்யத்திலிருந்து வந்து, நீ இருக்கும் எல்லையைத் தாண்டி, இருபது மைல் ஓடி எங்களிடம் வருகிறது. தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலத்துத் தூணுக்காக ஆற்றின் நடுவில் பதினைந்தடிக் குழி தோண்டுகிறோம். குழிக்குள் உன் அக்காள், நான் உட்பட முப்பத்தொரு பேர். மழை அங்கே பெய்யும். வெள்ளம் இங்கே வரும். அது வரும்போது எங்கள் தலைக்கு மேல் ஒரு துண்டு மேகம்கூட இருக்காது. ஆகவே எல்லையில் தண்ணீரின் உயரத்தைக் காட்டும் ஒரு அளவுகல்லை நட்டு, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளையும் வைத்தார்கள். அந்த ஆள் நீ.

உன் அக்காள் ஓவர்சியரிடம் இப்படித்தான் கேட்டாள்: "எந் தம்பி சும்மா இருந்தாலே ஆத்தப் பாத்துக்கிட்டுக் குந்தியிருப்பானுங்க. அதையே வேலயாக் குடுத்துடுங்க." இதைவிடப் பொருத்தமான தகுதியோடு யாரும் சர்க்கார் வேலைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே முகாமில் ஓர் அச்சடித்த அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். இடி மின்னலின்போது மரத்தடியில் நிற்கக் கூடாது. வெட்டவெளியிலும் நிற்கக் கூடாது. கடப்பாரை முதலிய இரும்பைத் தொடக் கூடாது. கோடையில் நிழலில் வேலை செய்யவும். வெள்ளம் வருவதற்கு முன் ஆற்றைவிட்டு வெளியேறவும். நான் படித்துச் சொன்னதும் மண் சுமக்கும் பாப்பம்மா கேட்டாள்: "வந்தப்புறம் ஏறலாம்னு யாராச்சும் சொன்னாங்களா மேஸ்திரி?"

உன் அக்காள் சொல்லச் சொல்ல எழுதுவது: "டேய் சின்ராசு, வேளாவேளைக்குச் சாப்புடு. ஆத்தப் பாரு. ஆத்துக்குள்ள தெரியற ஆகாசத்தப் பாக்காத."

உன் மாமன்
நாராயணப்பன்

2

எல்லைக் கொட்டகை, பாகலூர் வழி
24-4-1954

மாமா அவர்களுக்கு சின்னராஜ் எழுதிக்கொள்வது. நான் நலம். அளவுகல்லும் நலம்; இன்று காலை ஒன்றே கால் அடி. நீங்களும் அக்காளும் வெயிலில் தலைக்குத் துணி போடாமல் இருக்க வேண்டாம்.

எனக்கு ஒரு கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு வாழைத்தோட்டம். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மூன்று, மாலை ஆறு என்று நான்கு வேளை கல்லைப் பார்த்து எழுத வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஆறு எனக்கே. பகலில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நகர்கிறதா கரை நகர்கிறதா என்று தெரிவதில்லை. நேற்று கரை நகர்ந்தது. பெஞ்சு, வாழைத்தோட்டம், நான் எல்லாருமாக மெதுவாக மைசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அக்கரையில் மாடு மேய்க்கிற திம்மராயன் சத்தம் போட்டதும் எல்லாம் பழைய இடத்தில் வந்து நின்றது. அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும். எனக்குக் கன்னடம் நாலு வார்த்தை. எட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேச முடிகிறது.

நாலடிக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் வெள்ள அறிவிப்புப் படிவத்தை மூன்று பிரதி எழுதித் தபாலில் போட வேண்டும். தபால் பெட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் திறக்கிறார்கள். கடிதம் ஓசூர் போய், கிருஷ்ணகிரி போய், ஆபீஸில் பதிவாகி, ஓவர்சியருக்கு உத்தரவாக வரும். கவலை வேண்டாம். படிவம் வழவழப்பான நல்ல காகிதம்.

அக்காளிடம், ஆகாசம் ஆற்றுக்குள் தானாக வந்து விழுகிறது, நான் தேடிப் போகவில்லை என்று சொல்லுங்கள்.

தங்கள்
சின்னராஜ்

3

உத்தனப்பள்ளி
9-5-1954

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம். வெங்கடம்மாவுக்கு மட்டும் வெயில் அடித்து மயக்கம் வந்து, மோர் குடித்து எழுந்துவிட்டாள். அங்கே நீ எப்படி என்று உன் கடிதத்தைப் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

நானும் ஓவர்சியரும் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். தண்ணீர் உன்னிடமிருந்து என்னிடம் வர நாலு மணி நேரம். படிவம் வர நாலு நாள். "முறைப்படி வருவது படிவம்தான்" என்றார் ஓவர்சியர். தண்ணீருக்கு முறை தெரியாததால் வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

உன் கொட்டகை வழியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு வருகிற பஸ், ஓசூரில் நின்று கிளம்பி, நாலு மணிக்கு மேல் எங்கள் தரைப்பாலத்தைக் கடக்கிறது. கண்டக்டர் சென்னகிருஷ்ணன் வேப்பனப்பள்ளிக்காரர், நமக்கு ஒருவிதத்தில் சொந்தம். நாலடி ஏறினால் நீ அவரிடம் சொல். பஸ்ஸின் முன்னால் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வருவார். கரையில் மண் கொட்ட ஏறியவர்கள் பார்த்துக் குரல் கொடுத்ததும் நாங்கள் ஏறிவிடுவோம். போன வாரம் ஒத்திகை பார்த்தோம். ஓசூரில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, "எந்தக் கட்சி? எங்க கூட்டம்?" என்று கேட்டாராம். தண்ணீருக்குக் கட்சி இல்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரமாயிற்று.

எனவே துணி வேண்டாம். உன் கொட்டகைக்குப் பின்னால்தான் வாழைத்தோட்டம் இருக்கிறதே. ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிக் கொடு. பஸ்ஸின் முகத்தில் வாழைக்கன்று இருந்தால் வெள்ளம். இல்லாவிட்டால் இல்லை. மற்ற நேரத்தில் வருகிற தண்ணீர் எங்களை மன்னிக்க வேண்டும்.

அக்காள்: "பஸ்ஸுக்கு முன்னாடியே எந்திரிச்சு நில்லுடா. ஓடற பஸ்ஸுல கட்டப் போயி வுழுந்து வெக்காத."

நாராயணப்பன்

4

உத்தனப்பள்ளி
10-6-1954

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. உன் பதில் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. ஆகவே நீ வேலையைச் சரியாகச் செய்கிறாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தை எழுது.

போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். குழியின் அடியிலிருந்து பார்த்தால் ஆகாசம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தெரியும். அதில் எப்போதாவது ஒரு பருந்து மெல்ல ஊர்ந்து போகும். பதினைந்தடியில் சத்தமெல்லாம் காதில் பஞ்சு வைத்தடைத்த மாதிரி. அன்று நாலு மணி சுமாருக்கு, மண் கொட்டப் போன பாப்பம்மா கரையிலிருந்து கத்தினாள்: "வாழ! வாழ!"

மற்ற முப்பது பேரும் ஏணியில் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, அவளோடு கரையில் நின்று மூச்சு வாங்கினோம். பஸ் வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் மாவிலைத் தோரணம். உள்ளே கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும். சேறு பூசிய முப்பத்தொரு பேர் வரிசையாகக் கரையில் நிற்பதைப் பார்த்து, தங்களை வாழ்த்த நிற்கிறோம் என்று நினைத்துப் பெண் கை கூப்பினாள். உன் அக்காளும் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினாள். வேறென்ன செய்வது?

ஓவர்சியர் எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டார்: இனி எந்த வாகனத்தின் அலங்காரத்தைப் பார்த்தும் யாரும் வேலையைவிட்டு ஏறக் கூடாது. இருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். வைகாசி முடியப்போகிறது. ஆடியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்?

அக்காள்: "பொண்ணு லட்சணமா இருந்தாடா. உனக்கும் ஒண்ணு பாக்கணும். ஆத்த வுட்டுட்டு அவளப் பாப்பியான்னுதான் தெரியல."

நாராயணப்பன்

5

எல்லைக் கொட்டகை
26-6-1954, சனிக்கிழமை மாலை

மாமாவுக்கும் அக்காளுக்கும். நான் சுகமே. உங்கள் இருவருடைய சுகத்தையும் இந்தத் தண்ணீரிடம் விசாரிக்கலாம் என்றால், அது இங்கிருந்து அங்கே போவதே தவிர அங்கிருந்து வருவதில்லை.

இன்று எனக்கு ஒரு விருந்தாளி. பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லைப் பார்க்கப் போனால் அதன் தலையில் ஒரு மீன்கொத்தி. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். அருகே போனால் பறந்துவிடுமே என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது அசையவில்லை. நானும் அசையவில்லை. அது தண்ணீரைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் இரண்டு பேரில் யார் அதைப் பார்க்கிறார்கள், யார் தண்ணீரைப் பார்க்கிறார்கள் என்பது குழம்பிப்போயிற்று. அதன் மூக்கு நிழல் தண்ணீரில் நீண்டுகொண்டே போயிற்று. வாழை இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு விட்டது. எங்கோ வெகுதூரத்தில் மைசூர்ப் பக்கம் யாரோ பாய் விரிப்பது போல இடி உருண்டது. திம்மராயன் ஏதோ கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். கூப்பிட்டாரா, கனவில் கூப்பிட்டாரா, சொல்லத் தெரியவில்லை. பஸ் போன சத்தமும் அப்படித்தான்.

மூன்று மணிக்குப் பறவை இல்லை. தண்ணீர் ஒன்றரை அடி. ஆனால் கல் நாலரை அடிக் கோடு வரை நனைந்திருந்தது. மீன்கொத்தி குளித்துவிட்டுச் சிறகை உதறியிருக்க வேண்டும்.

இப்போது தவளைகள் கத்துகின்றன. மிகவும் அமைதியாக இருக்கிறது.

சின்னராஜ்

6

உத்தனப்பள்ளி
1-7-1954

சின்னராஜுக்கு. உன் கடிதம் கிடைத்தது. மீன்கொத்தியைப் பற்றிப் பன்னிரண்டு வரி, தண்ணீரைப் பற்றி இரண்டு வரி.

மீன்கொத்தி உதறிய தண்ணீர் அன்று மாலை நாலரை மணிக்கு இங்கே வந்து சேர்ந்தது. பஸ் அதற்குச் சற்று முன்புதான் போயிற்று. முகத்தில் வாழைக்கன்று இல்லை. குழி நிறைந்துவிட்டது. கடப்பாரை நான்கு, மண் சட்டி இருபது, என் செருப்பில் ஒன்று போயிற்று. ஆள் யாரும் போகவில்லை. எல்லாரும் சுகம். உன் அக்காளும் சுகம்.

நாராயணப்பன்

7

எல்லைக் கொட்டகை
19-7-1954

மாமா அவர்களுக்கு. உங்கள் சுகத்தையும் அக்காள் சுகத்தையும் உடனே எழுதக் கோருகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதினால் படிவம் மாதிரி இருக்கிறது. அன்று நான் தூங்கினேன். அதைத் தூக்கம் என்று எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

உங்கள் கடிதத்தின் அடியில் அக்காளின் வரி இல்லை. தாளில் பாதிக்கு மேல் வெற்றிடம் இருந்தது. இடம் போதாமல் விட்டுப்போனதல்ல. அக்காள் கோபமாக இருந்தால், திட்டுவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஊருக்குப் போயிருந்தால் எந்த ஊர் என்று எழுதுங்கள். உடம்பு சரியில்லை என்றால் என்ன உடம்பு என்று எழுதுங்கள்.

பெஞ்சை எடுத்து மாட்டுக்காரர் திம்மராயனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது நின்றுகொண்டுதான் பார்க்கிறேன்.

சின்னராஜ்

8

உத்தனப்பள்ளி
23-8-1954

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. பதில் தாமதத்துக்குக் காரணம், எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவள் இன்று வேப்பனப்பள்ளி போயிருக்கிறாள். நாளைக்குத்தான் வருவாள். ஆகவே எழுதுகிறேன். அவள் இப்போது சுகம்தான். அதை முதலில் படித்துக்கொள்.

அன்று தண்ணீர் வந்தபோது உன் அக்காள் குழியின் அடியில் இருந்தாள். ஏணி இரண்டு. ஆட்கள் முப்பத்தொன்று. அவள் கடைசி. மற்றவர்களை ஏறவிட்டுக்கொண்டு நின்றாள் என்று முனிலட்சுமி சொல்கிறாள். சட்டியைத் தேடிக்கொண்டு நின்றதாக உன் அக்காள் சொல்கிறாள். நான் கரையிலிருந்து பார்த்தபோது தண்ணீரின்மேல் அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. பாப்பம்மா குப்புறப் படுத்து அந்த முடியைப் பிடித்து இழுத்தாள். வெகுநேரம் கழித்து உன் அக்காள் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். முதல் வார்த்தை, "சின்ராசுக்கு எழுதாதீங்க, பயந்துக்குவான்." இரண்டாவது வார்த்தை, "எஞ் சட்டி எங்க?"

அவளுக்குக் கோபம் இல்லை. "வாயத் தொறந்தா இந்தச் சேதிதான் வரும், பேசாம இருக்கறேன்" என்றாள். அதனால்தான் வரி இல்லை.

மறுவாரம் குழியை இறைத்து முடித்ததும் முதலில் இறங்கியது அவள்தான். நாலு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் நாங்கள் முப்பது பேரும் கழுத்தைத் தூக்கிச் சாலைப் பக்கம் பார்க்கிறோம். அவள் மட்டும் குனிந்து மண்ணை வாரிக்கொண்டிருப்பாள். "ஏன்டி, ஒரு கண்ணு பாரேன்" என்றேன். "மேல எந் தம்பி இருக்கான். நான் என்னாத்துக்குப் பாக்கணும்?" என்றாள்.

மாப்பிள்ளை, வெள்ளத்தைவிட எனக்கு இந்தப் பேச்சுதான் பயமாக இருக்கிறது.

நாராயணப்பன்

9

எல்லைக் கொட்டகை
22-9-1954

மாமாவுக்கு. சுகம். சுகம் கோருகிறேன்.

காலை ஆறு: இரண்டடி. ஏழு: இரண்டடி. எட்டு: இரண்டடி ஓரங்குலம். ஒன்பது: இரண்டடி ஓரங்குலம். பத்து: இரண்டடி. பதினொன்று: இரண்டடி. பன்னிரண்டு: ஒன்றே முக்கால். ஒன்று: ஒன்றே முக்கால். இரண்டு, மூன்று, நாலு: அதுவே. மைசூர்ப் பக்கம் மேகம் உண்டு. கறுப்பு இல்லை.

அக்காளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சின்னராஜ்

10

எல்லைக் கொட்டகை
13-10-1954

பாலம் வேலை எஞ்சினீயர் அவர்கள் சமூகத்துக்கு, ஆற்றுக் காவல் சின்னராஜ் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விளக்கம்.

தாங்கள் பரிபூரண சுகத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் முன் அனுமதியின்றிக் காவலிடத்தைவிட்டு நீங்கியது ஏன், பதிவேட்டில் மூன்று மணி, ஆறு மணிக் கட்டங்கள் வெறுமையாக இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அன்று காலை ஆறு மணிக்குத் தண்ணீர் இரண்டடி. பத்து மணிக்குக் கரையிலுள்ள எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு என் கொட்டகைக் கூரைக்கு ஏறின. பதினொன்றரைக்குத் தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. அக்கரையிலிருந்து மாட்டுக்காரர் திம்மராயன் மாடுகளை மேடேற்றிக்கொண்டே, "நீரு பர்த்தா இதே!" என்று கத்தினார். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். பன்னிரண்டே காலுக்கு நாலடி. விதிப்படி வெள்ள அறிவிப்புப் படிவத்தை மூன்று பிரதி எழுதித் தபால் பெட்டியில் போட்டேன்.

பிறகு, விதியில் இல்லாத ஏற்பாட்டின்படி, ஒரு வாழைக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பஸ் வந்தது. அதன் முகத்தில் ஏற்கெனவே நான்கு வாழைக்கன்று. முந்தைய நாள் பூஜையில் கட்டியவை. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை. கண்டக்டர் சென்னகிருஷ்ணன் என் கையிலிருந்ததைப் பார்த்து, "இதுக்கு மேல கட்ட எடமில்லையே ராசா" என்றார். அன்று ஜில்லாவில் ஓடிய பஸ் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கும். என் கன்றும் அவற்றில் ஒன்றாகிவிடும். குழியில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். ஒருத்தி பார்க்கவே மாட்டாள். ஆகவே நானே ஏறிக்கொண்டேன். கன்று கையிலேயே இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஓசூரில் பஸ் அரை மணி நின்றது. டிரைவர் சாப்பிட்டார். நான் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ஓசூருக்குப் பிறகு சாலை ஆற்றை இரண்டு இடத்தில் தொடுகிறது. முதல் இடத்தில் தண்ணீர் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. பழுப்பாக, நுரையோடு, சத்தமில்லாமல், நன்றாக வெயில் காய்ந்துகொண்டிருந்த மணலில் அது ஊர்ந்து போவதை ஜன்னலில் பார்த்தேன். அது நின்றுகொண்டிருப்பதாகவும் நாங்கள்தான் பின்னால் நழுவுவதாகவும் ஒரு நிமிஷம் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றும். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டிரைவர் எதுவும் கேட்காமல் வேகம் கூட்டினார். இரண்டாவது இடத்தில் மணல் காய்ந்திருந்தது.

நாலே காலுக்குத் தரைப்பாலத்தில் இறங்கினேன். ஆற்றில் கணுக்கால் தண்ணீர். பூஜைக்கு மறுநாள் ஆயுதங்களை எடுத்து முதல் மண் வெட்டுவது அங்கே வழக்கமானதால் முப்பத்தொரு பேரும் குழிக்குள் இருந்தார்கள். ஓவர்சியர், "நீ ஏன் இங்கே? படிவம் எங்கே?" என்று கேட்டார். தபாலில் வருகிறது என்றேன். குழி விளிம்பில் போய் நின்று பார்த்தேன். கீழே என் தமக்கை நிமிர்ந்து, "டேய், எப்பொ வந்தே? சாப்ட்டியா?" என்றாள். "மேல வா அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

ஓவர்சியரின் கடிகாரப்படி, கடைசி ஆள் ஏறிப் பதினெட்டு நிமிஷம் கழித்து, நாலு மணி முப்பத்தெட்டுக்கு, குழி இருந்த இடம் தெரியவில்லை.

அன்று மூன்று மணிக்கு அளவுகல்லில் எத்தனை அடி என்பது எனக்குத் தெரியாது. கட்டத்தைப் பொய்யாக நிரப்ப மனம் வராமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த
சின்னராஜ்

11

உத்தனப்பள்ளி
10-11-1954

மாப்பிள்ளை சின்னராஜுக்கு, வேப்பனப்பள்ளி விலாசத்துக்கு. ஊர் போய்ச் சேர்ந்த பின் உடம்பு தேறியதா? நாங்கள் சுகம். கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதால் சற்று சதை போட்டிருக்கிறது.

உன் வெள்ள அறிவிப்புப் படிவம் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. ஓவர்சியர் அதை மேஜைமேல் வைத்துப் பிரித்துப் படித்தார். பிறகு முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார். படிவம் முறையாக இருந்ததால் அதன்மேல் நடவடிக்கை இல்லை. நீ காவலிடத்தைவிட்டு வந்ததன்மேல்தான் நடவடிக்கை. உன் வேலை நீக்க உத்தரவைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழியை இறைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை இறங்கச் சொன்னார்கள். நாங்கள் ஏணிக்குப் பக்கத்தில் நின்றோம். வழக்கமாக முதலில் இறங்குபவள் இறங்கவில்லை.

"மேல யாரு இருக்கறாங்க?" என்று உன் அக்காள் கேட்டாள்.

"ராஜப்பன்னு ஒருத்தரைப் போட்டாச்சு. உத்தரவு வந்திருக்கு" என்றார் ஓவர்சியர்.

"அது யாரு? எந்த ஊரு? பகல்ல தூங்குவாரா?"

ஓவர்சியர் உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். அதில் அந்த விவரம் இல்லை.

"தெரியாமப் போயி நான் எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெங்கடம்மா, முனிலட்சுமி, பிறகு எல்லாரும். நான் மேஸ்திரி என்பதால் கடைசியாக உட்கார்ந்தேன். இன்று மூன்றாம் நாள். பஸ் வந்தால் இப்போது அவளும் சாலையைப் பார்க்கிறாள்.

அக்காள்: "சின்ராசு, அந்த ஆளுக்கு ஒரு கடுதாசி போடு. நீ சொன்னாத்தான் அவருக்கு வெளங்கும். வேல போனதுக்கு வருத்தப்படாத. நம்ம மாந்தோப்புல காவலுக்கு ஆள் வேணும்னு சித்தப்பன் சொன்னாரு. மாங்கா எங்கயும் ஓடிப் போவாது."

நாராயணப்பன்

12

வேப்பனப்பள்ளி
12-11-1954

ஐயா ராஜப்பன் அவர்களுக்கு, முன்பின் அறியாத சின்னராஜ் எழுதுவது. புது இடத்தில் உடம்பு ஒத்துக்கொள்கிறதா? கொட்டகையின் வடக்கு மூலை ஒழுகும். பெஞ்சு திம்மராயன் வீட்டில் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்காமல் இருப்பது நல்லது.

பதிவேட்டில் நான்கு வேளைதான் கட்டம். ஆறோ நாள் முழுக்க ஓடுகிறது. எறும்பு முட்டையோடு மேலேறினால் பதிவேட்டை மூடிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் நிறம் மாறுவதற்கு முன் வாசனை மாறும், புதிதாக உழுத செம்மண் வாசனை. நுரையில் பச்சைச் சுள்ளி மிதந்து வந்தால் மைசூர்ப் பக்கம் கரையை அறுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். தவளைகள் கத்தினால் பயமில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் நிறுத்தினால் உடனே எழுந்திருங்கள். திம்மராயன் மாட்டை மேடேற்றினால் வேறொன்றும் பார்க்க வேண்டாம். கல் தண்ணீருக்கு மேலே நனைந்திருந்தால், தண்ணீர் வந்து போயிற்று என்று அர்த்தம். பறவைமேல் பழி போடாதீர்கள்.

முதலில் பஸ். பிறகு படிவம். கண்டக்டர் சென்னகிருஷ்ணனிடம் சொன்னால் தரைப்பாலம் வந்ததும் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். கல்யாணத்துக்கும் பூஜைக்கும் யாரும் அப்படி அடிப்பதில்லை.

மத்தியானத்தில் கரை நகர்வதுபோல் இருக்கும். மிக அழகாக இருக்கும். அப்போது கல்லைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இத்துடன் தனித்தாளில் முப்பத்தொரு பெயர் எழுதியிருக்கிறேன். பாப்பம்மா, வெங்கடம்மா, முனிலட்சுமி, நாராயணப்பன் என்று போகும். கடைசிப் பெயர் என் அக்காள் ராஜாத்தி. எப்போதும் கடைசியாக ஏறுபவள் என்பதால் அவளைக் கடைசியில் எழுதினேன். தாளைக் கொட்டகையில், கல்லைப் பார்க்கும்போது கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் இருபது மைல் கீழே இருக்கிறார்கள். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் பகலில் தூங்குகிறவரா என்று என் அக்காள் கேட்கிறாள். நான் ஒருநாள் தூங்கியவன். அதனால் இந்தக் கேள்வியை என்னுடையதாகக் கேட்க எனக்கு முகமில்லை. அவளுடையதாகவே கேட்கிறேன். பதில் வரும்வரை அவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தபாலில் போடாதீர்கள். பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு
சின்னராஜ்